படையல் பீர்

சிம்பாங் அம்பாட் முனியாண்டி கோயிலில் சாமி இறங்கிவிட்டது. கஜேந்திரன் படையலில் இருந்த டச்சு பீரை எடுத்து நீட்டினான்.

ஒரே மடக்கு.

"வெறும் தண்ணிடா. கசப்பே இல்ல."

"மன்னிச்சிருங்க சாமி. கடையில கறுப்பு பீர் முடிஞ்சிருச்சு."

"போன வாரம் உன் ஐஸ்பெட்டியில ஜெர்மன் பீர் இருந்துச்சே, அதுல நொரையும் நின்னுச்சு, கசப்பும் நின்னுச்சு."

கஜேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைத் திருடிக் குடித்தான் என்றுதான் தம்பியை அடித்து வீட்டைவிட்டே துரத்தியிருந்தான்.

"சாமிக்குத் தெரியாம எதையும் மறைக்க முடியுமா லா?" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கஜேந்திரன் மட்டும் சாமியின் சிவந்த கண்களையே பார்த்தான். பீர் வாடையே குமட்டுகிறது என்று, கட்டிய நாளிலிருந்து அவனைத் திட்டிவந்த மனைவி திலகவதியின் கண்கள் அவை.