புழு இயந்திரம்

திருமதி ஓல்செட் வங்கியிலிருந்து வந்த காகிதத்தைக் கண்ணாடி மேசைமேல் விரித்து வைத்தார். ஐந்து வரிகளுக்குக் கீழே பென்சில் கோடு.

ஐந்திலும் எங்கள் கடையின் பெயர். பக்கத்தில், மீன்பிடிப் பொருள்கள் என்று இருந்தது.

"ஆர்லன் இந்த வருஷம் ஏரிப் பக்கமே போகல தம்பி. அஞ்சு தடவை வந்து அப்படி என்ன வாங்கினாரு?"

எங்கள் கடையில் வங்கி அட்டை தேய்க்க இரண்டு இயந்திரங்கள். ஒன்று புழுவுக்கும் தூண்டிலுக்கும். இன்னொன்று துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும். அதில் தேய்த்தால் வங்கிக் காகிதத்தில் துப்பாக்கிக் கடை என்றே வரும்.

அது பிடிக்காதவர்கள் இந்த ஊரில் அதிகம். ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்கள்.

ஜனவரியில் அவர் கணவர் ஆர்லன் அட்டையை நீட்டினார். "ரொக்கமெல்லாம் வீட்டம்மா கையில. நான் என்ன வாங்குறேன்னு பேங்க்காரனுக்கு எதுக்குடா தெரியணும்? புழு மெஷின்ல தேய்" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என்னையும் அவர்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டது போல இருந்தது.

தேய்த்தேன். அதன்பிறகு இன்னும் நான்கு முறை. ஐந்து பெட்டித் தோட்டா.

திருமதி ஓல்செட் குரலைத் தாழ்த்தினார்.

"நவம்பர்ல அவர ஆஸ்பத்திரியில சேர்த்தோமில்ல, அது மாரடைப்பு இல்ல தம்பி. ஊருக்கு அப்படிச் சொல்லி வச்சோம். அவராப் பண்ணிக்கிட்டது."

நானும் மாரடைப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

"வீட்ல இருந்த தோட்டாவ எல்லாம் எங்கண்ணன் எடுத்துட்டுப் போயிட்டான். அவங்கப்பாவோட பழைய துப்பாக்கிய மட்டும் இவரு தரமாட்டேன்னுட்டாரு. தோட்டா இல்லாம அது வெறும் கட்டதானேன்னு விட்டுட்டேன்."

காகிதத்தை என் பக்கமாகத் தள்ளினார்.

"நீ வாயத் திறந்து எதுவும் சொல்ல வேணாம். தோட்டான்னா தலைய மட்டும் ஆட்டு. நான் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்."

கழுத்து அசைந்தால் போதும். அவ்வளவுதான் கேட்டார்.

"தூண்டில் முள்ளும் நரம்பும்தான் மேடம்" என்றேன்.

அவர் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைக் கையுறையால் துடைத்துக்கொண்டார்.

"பனி உருகினதும் மீன் பிடிக்கக் கிளம்பத் திட்டம் போட்டிருக்காரு. எங்கிட்ட மூச்சு விடல பாரு, திருடன்."

காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். போகும்போது திரும்பி, "நான் வந்து கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிடாத. சந்தேகப்பட்டுட்டேன்னு தெரிஞ்சா எனக்கு அசிங்கம்" என்றார்.

வாடிக்கையாளர் வாங்கியதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது, அது அவருடைய சொந்த விஷயம் என்று இங்கே எழுதிவிடலாம். இரண்டு முறை அப்படி எழுதி, அடித்துவிட்டேன்.

அப்போது எனக்கு நாலடி தள்ளி முதலாளி லைல் தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் சொன்னது: தோட்டாவைப் புழு இயந்திரத்தில் தேய்த்தால், தெரிந்த அன்றே அட்டைக் கம்பெனிக்காரன் இரண்டையும் பிடுங்கிக்கொண்டு போவான், தேய்த்தவன் மறுநாள் வரவேண்டியதில்லை.

ஒவ்வொரு ரசீதிலும் தேய்த்தவனின் எண் இருக்கும். அந்த ஐந்திலும் என் எண்.

ஆர்லனைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. இந்த வேலை போனால், இந்தச் சம்பளத்தில் நான் படிக்கும் மாலை வகுப்பும் போகும் என்று நினைத்தேன்.

"என்னவாம் அந்தம்மாவுக்கு?" என்று லைல் கேட்டார்.

"சும்மா, கணக்கு சரியான்னு கேட்டாங்க" என்றேன்.

வெளியே திருமதி ஓல்செட் காரை உடனே எடுக்கவில்லை. உள்ளே விளக்கைப் போட்டு, கண்ணாடியில் பார்த்து முகத்தைத் துடைத்தார். தலையைக் கோதிக்கொண்டார். யாருக்கோ போன் செய்து சிரித்துப் பேசினார். சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம். நான் மேசைக்குப் பின்னாலேயே நின்றேன். பிறகு போனார்.

கடை மூடியபின் மேசையிலிருந்து கதவு வரை நடந்து பார்த்தேன்.

பதினோரு எட்டு.