கமலநாதன் வளர்த்த சேவல்

"மூர்த்திதான் மருந்து வச்சிருக்கான். வேற யாரு?"

செல்வராணி இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். கூண்டுக்குள் சேவல் காலை நீட்டிக் கிடந்தது. அது கூவாததால் அன்றைக்கு ஏழரை மணி வரை தூங்கிவிட்டாள்.

மகள் ஷர்மினி கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். லீவு நாளும் அதுவுமாகப் போலீஸ் உத்தியோகம் கிடைத்துவிட்டது.

"ரத்தம் இல்லமா. கழுத்துல கடி இல்ல. மூசாங் பூனை வந்து கடிச்சிருந்தா தலையே மிஞ்சாது."

"பாம்பு?"

"பாம்புன்னா முழுங்கிட்டுல்ல போயிருக்கும்? கம்பியெல்லாம் அப்படியே இருக்கு. ஆனா இங்க பாருங்க, தீனிக் கிண்ணத்துல மஞ்சளா என்னமோ அப்பியிருக்கு."

"அதான் சொல்றேன், மருந்து! பாவி, சொன்ன மாதிரியே செஞ்சிட்டான்."

மூர்த்தி பக்கத்து வீட்டுக்காரன். ராத்திரி ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு வந்து படுப்பான். விடிகாலையில் கூவியது போதாதென்று சேவலுக்கு அப்போதும் தொண்டை திறக்கும். "உன்னை ஒரு நாளைக்குக் கறிப் பெரட்டல் வைக்கிறேன் பாரு!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவான். அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கக் கேட்கும்.

செல்வராணியின் கணவர் கமலநாதன் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. செடெனாக் பக்கத்துத் தோட்டத்தை விட்டு பாசிர் கூடாங் டவுனுக்குக் குடிவந்தபோது, அவர் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஒற்றைக் குஞ்சு அது. வளர்ந்து சேவலாகி விடிகாலை ஐந்து மணிக்குக் கூவினால், "எழுந்திரு ராணி, பெரட்டுக்குப் பேர் கூப்பிடுறாங்க" என்பார்.

தோட்டத்தில் அந்த நேரத்துக்குத்தான் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். இங்கே பெரட்டும் கிடையாது, வேலைக்காடும் கிடையாது. இருந்தாலும் இரண்டு பேரும் எழுந்து வரக்காப்பி குடித்துக்கொண்டு, யார் யார் பெரட்டுக்குப் பிந்தி வந்து கங்காணியிடம் ஏச்சு வாங்கினார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் போன பிறகும் சேவல் கூவியது. செல்வராணியும் எழுந்தாள். அவரே கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"மூர்த்தி! சேவலுக்கு மருந்து வச்சியா?"

ஹெல்மெட்டைக் கழற்றியவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "வச்சேன்கா, நேத்து சாயங்காலம். ஏன், எழுந்து நடக்குதா?"

"நடக்குதாவா? பச்சப் பாவி, கொன்னுட்டு நக்கல் வேறயா!"

"அலமாக், செத்துப்போச்சா?" மூர்த்தி ஓடிவந்து கூண்டை எட்டிப் பார்த்தான். "சீக்குக்கா இது. நேத்து வேலைக்குக் கிளம்புறப்போ பாத்தேன், தலையைத் தொங்கப் போட்டு நின்னுச்சு. நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைச்சுக் கிண்ணத்துல வச்சேன்."

"ஆமா, இவரு பெரிய கோழி டாக்டரு!"

ஷர்மினி கிண்ணத்தை மோந்து பார்த்தாள். "வெங்காய வாசனைதான்மா."

செல்வராணியின் குரல் இறங்கியது. "சரி, விதி. உங்கப்பா சேவல், குப்பையில போடக் கூடாது. பப்பாளி மரத்தடியில புதைச்சிடலாம்."

உயிரோடு இருந்தவரை கொத்தும் என்று பயந்து அவள் அதைத் தொட்டதே இல்லை. இப்போது தூக்கி மடியில் வைத்தாள். இறகை நீவினாள். காலைத் தடவிய கை அப்படியே நின்றுவிட்டது.

"ஷர்மினி, இது காலைப் பாரு."

"எல்லா விரலும் நல்லாத்தானே இருக்கு?"

"அதான்டி கேக்குறேன்!"

தோட்டத்து லய வீடுகளில் எல்லாருடைய கோழியும் ஒன்றாகத்தான் மேயும். சண்டை வரக் கூடாதென்று வீட்டுக்கு ஓர் அடையாளம் வைப்பார்கள். கமலநாதன் வீட்டுக் கோழிக்கு இடது கால் நடுவிரல் நுனி நறுக்கியிருக்கும். தாமானுக்கு வந்த பிறகும் பழக்கம் விடாமல் அந்த ஒற்றைக் குஞ்சுக்கும் நறுக்கி மஞ்சள் தடவினார். டவுனிலேயே பிறந்து வளர்ந்த மூர்த்திக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

அவன் ஹெல்மெட்டை உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"மூர்த்தி, இது அவரு சேவல் இல்ல. என்னடா செஞ்ச?"

"அண்ணன் சேவல்… அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்த அன்னிக்கே செத்துப்போச்சுக்கா. நீங்க உள்ளே சுருண்டு படுத்திருந்தீங்க. அந்த நேரத்துல போயி இதையும் எப்படிச் சொல்றது? யார் கண்ணுலயும் படாம எடுத்துட்டு, பெக்கான் நானாஸ் வரைக்கும் போயி, அதே சிவப்பு, அதே கறுப்பு வால்ல மொதல்ல ஒண்ணு வாங்கியாந்து விட்டேன்."

செல்வராணிக்கு அழுகை முட்டியது. அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது.

"வேலை முடிஞ்சு வந்து படுத்தா தூங்க விடலன்னு தினமும் இந்தச் சேவலைத் திட்டுனவன் நீதானேடா!"

"ஆமாக்கா," என்றான் மூர்த்தி. "மூணு சேவலையுமே திட்டுனேன்."