தகவல் தந்தவர்

"அந்தத் துரோகி மட்டும் கையில கிடைக்கட்டும் மாப்ள, சங்கைக் கடிச்சுத் துப்பிடறேன்!"

ஓய்வுபெற்ற தபால்காரரின் குரலுக்கு ஆவணக் காப்பகமே நிமிர்ந்து பார்த்தது.

ராணுவ ஆட்சி ஒழிந்தபின், ரகசியப் போலீஸின் கோப்புகளைக் குடும்பத்தார் படிக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. மேஜையில் இருந்தது அவருடைய மச்சினனின் கோப்பு.

தடைசெய்த பத்திரிகையை அச்சடித்தவன். இருபத்திரண்டு வயது. பழைய தபால் கிடங்கில் ஒன்பது நாள் அவனை ஒளித்துவைத்தவர் இவர்தான்.

பத்தாம் நாள் விடிகாலையில் ஜீப் வந்தது. அவன் திரும்பவே இல்லை.

முப்பது வருடமாக இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே அவர் தெருவுக்கு ஹீரோ. காட்டிக்கொடுத்தவன் யார் என்பதுதான் பாக்கி.

மருமகன் பக்கங்களைப் புரட்டினான். நாற்பத்தோராம் பக்கத்தில் விரல் நின்றது.

'தகவல் தந்தவர்' என்ற இடத்தில் பெயர்மேல் கறுப்பு மை. கீழே டைப் அடித்திருந்தது:

'மிரட்டத் தேவையில்லை. சலூனில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், தானாகவே பேசுவார். "போலீஸ் தலைகீழா நின்னாலும் முடியாது. தபால் மூட்டைக்கு நடுவுல எவன் தேடுவான்?" என்று சொல்லிச் சிரித்தார்.'

"பேரை அழிச்சிருக்கானுங்க பாருங்க மாமா! பெரிய இடத்துப் புள்ளியா இருப்பான்."

மாமாவின் காதுமடல் சுட்டது.

கன்னத்தில் சோப்பு நுரையோடு அன்று சிரித்தது ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரனும் விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல மனுஷன் என்று அவனுக்கு டீகூட வாங்கிக் கொடுத்தார்.

"போதும், கிளம்பலாம்," என்று கோப்பை மூடினார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

மருமகன் விடுவதாயில்லை. நேரே கவுன்ட்டருக்குப் போய் எகிறினான். யார் அழித்தது?

"நாங்களா அழிக்கலை சார். சொந்தக்காரங்க எழுதிக் கொடுத்தா மறைச்சுடுவோம். இந்தாங்க, அந்த மனு," என்று ஒரு தாளை நீட்டினாள் குமாஸ்தா.

தபால்காரர் பாய்ந்து வாங்கிக்கொண்டார்.

தேதி, ஆறு வருடத்துக்கு முந்தையது. காப்பகம் திறந்த முதல் நாள்.

கையெழுத்து, அவர் மனைவியுடையது.

நடுவே இரண்டே வரி.

'இந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

முக்கியமாக, அவருக்கு.'