கோடு போடாத வீடு

"கோடு போட்டாச்சா?"

ஆபீஸ் மாடிப்படியில் நின்றபடி, யார் காதிலும் விழாமல் போனில் கேட்டார் கேஷியர். நெடுஞ்சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் சிவப்பு பெயின்ட்டோடு அவர் தெருவில் இறங்கியிருந்தார்கள்.

"பக்கத்துல டெய்லர் வீட்டு ஹால் நடுவுல போட்டுட்டாங்க," என்றாள் மனைவி. "அதுவரைக்கும் இடிக்கிறாங்களாம். அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுவுது."

"நம்ம வீடு?"

"அடுத்தது நம்மதாங்க. ஐயோ, வந்துட்டாங்க, வெச்சிடுறேன்."

அதன்பின் அவருக்கு வேலையே ஓடவில்லை. மறுபடி போன் அலறியதும் பாய்ந்து எடுத்தார்.

"என்னங்க! டேப்பை இழுத்துக்கிட்டு முன்வாசல்ல நுழைஞ்சாங்க, பின்வாசல் வழியா போயிட்டாங்க. ஒரு பொட்டுகூட வைக்கலை!"

"சமையலறையில பாத்தியா?"

"மூலைமுடுக்கெல்லாம் பாத்துட்டேன். எந்தச் சுவத்துலயும் கோடு இல்லைங்க!"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாலையில் ஸ்வீட் டப்பாவோடு தெருவில் நுழைந்தவர், டெய்லரின் தோளைத் தட்டி, "மனசை விட்டுடாதீங்க. பாதி வீடாவது மிஞ்சுதே," என்று பெரிய மனிதராக ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்குள் போனால், பின்வாசலில் பின்வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி நின்றிருந்தார்.

"வாங்க சார், ஸ்வீட் எடுத்துக்கோங்க. எங்க வீட்டுல கோடே போடலை!"

"தெரியும் சார். எங்க வீட்டு முன்சுவத்துலதான் போட்டிருக்காங்க."

"அடடா! அப்போ உங்க வீடு?"

பின்வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க வீடு தப்பிச்சிடுச்சு சார். கோடு வரைக்கும்தானே ரோடு?"