கிரேனுக்கு மரியாதை

கல்குவாரியின் புது கிரேனுக்குக் கட்டளை மொழி எழுதியவள், அங்கே கல் சுமந்தவரின் மகள் பொன்னுருவி. சோதித்துப் பார்க்க முதலாளி தங்கவேலு 'தூக்கு' என்று தட்டினார். 'புரியவில்லை' என்றது திரை.

"'தூக்குங்க'ன்னு போடணும். மரியாதை இல்லாட்டி அது அசையாது."

"இரும்புக்கு என்னடி மரியாதை? உங்கப்பனையே நான் ஒரு நாளும் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்ல. மாத்திட்டுப் போ."

"மாத்த மாட்டேன். வேணும்னா பழையபடி ஆளை வெச்சுத் தூக்குங்க."

வெளியே லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்தன. சுமைக்காரர்கள் அறை வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். தங்கவேலு உடம்பால் திரையை மறைத்துக்கொண்டு இரண்டு எழுத்தைச் சேர்த்தார். கிரேன் கல்லோடு எழுந்தது.

"அப்படி என்ன எழுதுனீங்க, மொதலாளி?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

பொன்னுருவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.