வைசர் குடித்த பெட்ரோல்

மளிகைக்கடை ஆறுமுகநயினாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழைச்சாரல் உள்ளே வராதிருக்கக் கார் சன்னல்களுக்கு மேலே வைசர் மாட்டினார். அன்றிலிருந்து, இரண்டு வாரம் வந்த பெட்ரோல் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது.

"அது காத்தைப் பிடிச்சு இழுக்குதுல்லா? கழட்டிப் போடுங்க" என்றாள் மனைவி பிரேமா.

கழற்றினார். அப்போதும் பெட்ரோல் நிற்கவில்லை. மெக்கானிக் பேச்சிராஜாவிடம் ஓடினார்.

"வைசர் காத்தைக் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. அதுக்காகப் பாதி டேங்கையா குடிக்கும்?" என்று சிரித்தான் அவன்.

வீடு திரும்பியவர் உட்காரவேயில்லை; கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"ஏளா, நாளைக்கே இந்தக் காரை விக்கப் போறேன்."

பிரேமாவின் முகம் வெளிறியது.

"விக்காதிய. நீங்க ஸ்கூட்டர்ல கடைக்குப் போனதும் உப்பளத்து ரோட்டுல நான்தான் ஓட்டுதேன். உங்க தங்கச்சிதான் சொல்லித் தாரா."

"உனக்கு எதுக்குளா கார்?"

"அடுத்த மாசம் உங்களுக்குக் கண் ஆபரேஷன். பொறவு கொஞ்ச நாளைக்கு உங்களை யாரு கூட்டிட்டுப் போவா?"

ஆறுமுகநயினார் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி அமர்ந்து, சீட் பெல்ட்டை நன்றாக இழுத்து மாட்டிக்கொண்டார்.