மீன் லாரி டிரைவரின் காய்ச்சல்

"எந்த மடையன் இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தது?"

டாக்டர் ஏலியாம்மா மேஜையைத் தட்டியதில் பால் விடாத கட்டன் சாயா தளும்பியது. கோழிக்கோட்டில், அந்த மருத்துவமனையின் இதய நோய்ப் பிரிவில், புதன்கிழமைக் கூட்டம் என்றாலே ஜூனியர் டாக்டர்கள் கடைசி வரிசைக்கு ஓடுவார்கள். நோயாளியின் பெயரைச் சொல்லக் கூடாது, நோயை மட்டும் சொல்ல வேண்டும். பிறகு ஏலியாம்மா தோலை உரிப்பார்.

அன்று மாட்டியது ஷஹனாஸ். அவளுக்குப் பயம்தான். ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

"மேடம், ஆள் மீன் லாரி டிரைவர். பிறவியிலேயே இதயத்துல கோளாறு. சின்ன வயசுல செயற்கை வால்வு வெச்சிருக்காங்க. போன மாசம் பல்லு பிடுங்கினதுல இருந்து காய்ச்சல் விட்டு விட்டு வருது. எக்கோ ஸ்கேன்ல வால்வு சுத்தமா இருக்குன்னு..."

"அப்படிச் சொன்ன ஆளுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? வெச்ச வால்வுல கிருமி ஒட்டியிருந்தா எக்கோவுல தெரியாமலும் போகும்னு எத்தனை தடவை கத்தியிருக்கேன்! ரத்தம் எடுத்து, கிருமி வளருதான்னு பார்த்தீங்களா?"

"இல்லை மேடம். அதுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் முழுங்கியாச்சு."

"போச்சு! இனி ரத்தத்துல கிருமி லேசுல சிக்காது. உள்ளே வால்வை மட்டும் அரிச்சுத் தின்னும். அந்த ஆள் செத்தா யாரு பதில் சொல்றது?" ஏலியாம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "மாத்திரையை நிறுத்து. இன்னிக்கே அட்மிட் பண்ணு. வெவ்வேற இடத்துல மூணு தடவை ரத்தம் எடு."

"வர மாட்டேன்னு அடம் மேடம். வாயைத் திறந்தாலே, உன் வேலையைப் பாருன்னு விரட்டுறாரு."

"நீ டாக்டரா, தலையாட்டி பொம்மையா? திட்டினா வாங்கிக்கோ. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வா, மோளே!"

"யாரா இருந்தாலுமா மேடம்?"

"இந்த ஆஸ்பத்திரி முதலாளியே ஆனாலும்!"

ஷஹனாஸ் போய்க் கதவைத் திறந்தாள். வெளியே சக்கர நாற்காலியோடு நர்ஸ் நின்றிருந்தார்.

"லாரி டிரைவர்னு சொன்னது மட்டும்தான் பொய் மேடம்." திரும்பி வந்து ஏலியாம்மாவின் கையை இறுகப் பிடித்தாள். கை கொதித்தது. "வால்வு வெச்சுக்கிட்டது, தானே எக்கோ பார்த்துக்கிட்டது, தானே மாத்திரை எழுதிக்கிட்டது எல்லாம் நீங்கதான். எழுந்திருங்க, அட்மிட் பண்ணச் சொன்னதும் நீங்கதான்!"